பரணில் கிடக்கும் இழைப்புளி... பழைய இரும்பா, பொக்கிஷமா?

துருப்பிடித்த இழைப்புளியின் வயதைச் சொல்லும் அடையாளங்கள் எவை? வாங்கும்போது எந்த இடத்தைப் பார்க்க வேண்டும்? எங்கே ஏமாந்துபோக வாய்ப்பு அதிகம்?

ஒரே இழைப்புளியை மூன்று பேரிடம் காட்டினால் மூன்று விலை சொல்வார்கள். பழைய இரும்புக் கடைக்காரர் தராசில் வைத்துவிட்டு கிலோ கணக்கில் ஒரு தொகை சொல்வார். தச்சர் அதைத் தலைகீழாகத் திருப்பி, பிளேடு எட்டிப் பார்க்கும் வாயைத்தான் முதலில் பார்ப்பார். சேகரிப்பாளரோ பிளேடைக் கழற்றிவிட்டு, அதற்கு அடியில் ஏதாவது தேதி வார்க்கப்பட்டிருக்கிறதா என்று தேடுவார். அவரவர் கணக்கில் மூவருமே சரி. தான் எந்தக் கண்ணால் பார்க்கிறோம் என்று முடிவு செய்யாமல் வாங்கப் போகிறவருக்குத்தான் சிக்கல்.

மின்சார இழைப்பு மெஷின்கள் வந்த பிறகு கை இழைப்புளிகள் பட்டறை மூலைக்கும் வீட்டுப் பரணுக்கும் போய்விட்டன. ஆனால், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பொழுதுபோக்காக மரவேலை செய்கிறவர்கள் பழைய இழைப்புளிகளைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். அதற்குக் காரணம் பழம்பொருள் மோகம் மட்டுமல்ல. நூறு வருடத்துக்கு முன் செய்த நல்ல இழைப்புளி ஒன்றைச் சுத்தம் செய்து தீட்டினால், இன்றைக்கும் அது காகிதத்தைவிட மெல்லிய சுருளை எடுக்கும். புதிதாக அதே தரத்தில் வாங்க ஆகும் செலவில் சிறு பகுதியே போதும்.

இப்போது கடைகளில் கிடைக்கும் இரும்பு இழைப்புளிகளில் பெரும்பாலானவை 19-ம் நூற்றாண்டில் ஒருவர் வகுத்த அமைப்பின் வழித்தோன்றல்கள்தான். அவர் பெயர் லெனார்டு பெய்லி.

பெயர் ஒருவருடையது, கம்பெனி இன்னொருவருடையது

இழைப்புளியின் வரலாறு நீளமானது. கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரத்தில் ரோமானியர்களின் இழைப்புளி கிடைத்திருக்கிறது. 1545-ல் மூழ்கிய ‘மேரி ரோஸ்’ என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் இருந்த தச்சுக் கருவிகளிலும் இழைப்புளிகள் இருந்தன. இத்தனை நூற்றாண்டுகளிலும் தச்சர்களுக்கு ஒரே தொல்லை. பிளேடை மர ஆப்பு வைத்து இறுக்க வேண்டும். சுருள் கொஞ்சம் தடிமனாக வந்தால், சுத்தியலால் தட்டித் தட்டித்தான் பிளேடை ஏற்றி இறக்க வேண்டும். கை பழகவே வருடங்கள் ஆகும்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கருவிகள் செய்துகொண்டிருந்த பெய்லி, 1850-களிலும் 60-களிலும் இதற்குத் தீர்வு தேடினார். பிளேடுக்குப் பின்னால் ஒரு திருகு. அதை விரலால் சுற்றினால் பிளேடு மெல்ல இறங்கும், எதிர்ப்பக்கம் சுற்றினால் ஏறும். பிளேடை இறுக்க ஆப்புக்குப் பதிலாக நெம்புகோல் மூடி. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் ஊரிலிருந்த ஸ்டான்லி கம்பெனி 1869-ல் பெய்லியின் காப்புரிமைகளை வாங்கியது.

அதன் பிறகு உறவு கசந்தது. 1870-களின் நடுவில் பெய்லி விலகிப்போய், ‘விக்டர்’ என்ற பெயரில் தன் பழைய கம்பெனிக்கே போட்டியாக இழைப்புளி செய்தார். 1880-களில் அந்த விக்டரும் ஸ்டான்லியின் கைக்கே போய்ச் சேர்ந்தது. ஆனால், ஸ்டான்லி தன் இழைப்புளிகளில் ‘பெய்லி’ என்ற பெயரை விடவே இல்லை. அவர் இறந்த பிறகும் பல பத்தாண்டுகள் அந்தப் பெயர் இரும்பில் வார்க்கப்பட்டுக்கொண்டே இருந்தது. எனவே, ‘பெய்லி’ என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் பெய்லியே செய்த அபூர்வப் பொருள் என்று யாராவது விலை ஏற்றினால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடலாம். அது ஒரு மாடலின் பெயர். லட்சக்கணக்கில் விற்ற மாடல்.

கழற்றிப் பார்த்தால்தான் புரியும்

அடையாளம் காண்பதற்கு முன் பாகங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. இழைப்புளியின் மேலே பளபளப்பாக இருப்பது நெம்புகோல் மூடி. அதன் நுனியில் உள்ள சிறு பிடியைத் தூக்கினால் மூடி தளர்ந்து கழன்றுவிடும். அடுத்து பிளேடும், அதன் மேல் திருகால் இணைக்கப்பட்ட மேல்தகடும் சேர்ந்து வெளியே வரும். மரத்தின் நார் கிழிந்து எழும்பாமல் சுருளை உடைத்து வளைப்பது இந்த மேல்தகட்டின் வேலை.

பிளேடு சாய்ந்து படுத்திருந்த இரும்புத் துண்டுக்கு ஆங்கிலத்தில் ‘ஃப்ராக்’, அதாவது தவளை என்று பெயர். உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. தவளையின் பின்னால் பித்தளைத் திருகும், மேலே பிளேடைப் பக்கவாட்டில் சரிசெய்யும் சிறு நெம்புகோலும் இருக்கும். இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் தவளையும் வெளியே வந்துவிடும். மிஞ்சுவது வார்ப்பிரும்பு உடலும், பின்பக்கக் கைப்பிடியும், முன்பக்கக் குமிழும்தான்.

ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை. ஆனால் விற்கிறவரிடம் முதலில் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். பல வருடத் துருவில் இறுகிய திருகாணியை வலுக்கட்டாயமாகத் திருகி உடைத்துவிட்டால், அந்த இழைப்புளி உங்களுடையதாகிவிடும்!

எண் சொல்வது வயதையா, அளவையா?

முன்பக்கக் குமிழின் அருகே அல்லது பின்னால் ‘நம்பர் 4’, ‘நம்பர் 5’ என்று வார்த்திருப்பார்கள். புதிதாக வாங்குகிறவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான். சின்ன எண் என்றால் பழசு, பெரிய எண் என்றால் புதுசு என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த எண் அளவை மட்டுமே குறிக்கிறது.

* நம்பர் 1: நீளம் சுமார் 5½ அங்குலம், பிளேடு அகலம் 1¼ அங்குலம். பொம்மை போல இருக்கும்.
* நம்பர் 3, நம்பர் 4: சுமார் 8, 9 அங்குலம். கடைசியாக மரத்தை வழுவழுப்பாக்க. நம்பர் 4-ன் பிளேடு 2 அங்குலம்.
* நம்பர் 5: சுமார் 14 அங்குலம். மேடு பள்ளத்தை அடித்து எடுப்பது முதல் மெருகு வரை எல்லாவற்றுக்கும் ஓரளவு ஒத்துவரும்.
* நம்பர் 6: 18 அங்குலம்.
* நம்பர் 7, நம்பர் 8: 22, 24 அங்குலம். நீளப் பலகைகளின் விளிம்பை நேராக்கி ஒட்டுவதற்கு.

நீளமான இழைப்புளி எதற்கு என்றால், குட்டையான இழைப்புளி பள்ளத்துக்குள்ளும் இறங்கி ஏறிவிடும். நீளமானது மேடுகளின் மேல் மட்டும் உட்காரும். மேடு கரைந்து பலகை நேரான பிறகுதான் முழு நீளச் சுருள் வரும்.

எண்ணுக்குப் பின்னால் ‘சி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால், அடிப்பாகத்தில் நீளவாக்கில் கோடு கோடாகப் பள்ளங்கள் இருக்கும். மூன்று இலக்கத்தில் 602 முதல் 608 வரை எண் இருந்தால் அது ‘பெட்ராக்’ என்ற உயர்ரக வரிசை. தவளை தன் இருக்கையில் முழுப்பரப்பும் படிந்து உட்காரும்படி செய்தது. இதற்கு விலை பல மடங்கு கூடும்.

பாகங்கள் சொல்லும் சாட்சி

ஸ்டான்லி தன் இழைப்புளிகளில் தயாரித்த வருடத்தைப் போடவில்லை. பிற்காலச் சேகரிப்பாளர்கள்தான் ஆயிரக்கணக்கான இழைப்புளிகளைக் கழற்றி ஒப்பிட்டு, எந்த மாற்றம் எப்போது வந்தது என்று பட்டியல் போட்டார்கள். ‘டைப் 11’, ‘டைப் 16’ என்றெல்லாம் விற்பனை விளம்பரங்களில் வருவது அவர்கள் கொடுத்த பெயர். கம்பெனிக்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது. அந்தப் பட்டியலிலிருந்து, கண்ணால் பார்த்தே சொல்லக்கூடிய சில அடையாளங்கள்:

பக்கவாட்டு நெம்புகோல்: தவளையின் மேல் இது இல்லவே இல்லை, உடைந்த தடயமும் இல்லை என்றால் 1885-க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு உண்டு.

தேதிகள்: தவளைக்குப் பின்னால், உடலிலேயே காப்புரிமைத் தேதிகள் வார்க்கப்பட்டிருக்கும். மார்ச் 25, 1902. ஆகஸ்ட் 19, 1902. ஏப்ரல் 19, 1910 என மூன்று தேதிகள் இருந்தால் அது 1910-க்கு முன் செய்ததாக இருக்கவே முடியாது. ‘1902 என்று போட்டிருக்கிறது, அதனால் 1902-ல் செய்தது’ என்று சொல்பவர்கள் உண்டு. காப்புரிமை கிடைத்த நாள் அது. அந்தத் தேதியோடு பல வருடங்கள் வார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

தவளையை நகர்த்தும் திருகு: தவளைக்குக் கீழே, பின்பக்கத்தில் ஒரு சிறு திருகாணி இருந்தால் 1907 வாக்கிலோ அதற்குப் பிறகோ வந்தது.

முன்குமிழ்: குட்டையாக, உருண்டையாக இருந்தால் பெரும்பாலும் முதல் உலகப்போர்க் காலம் வரைக்கானது. அதன் பிறகு குமிழ் உயரமானது.

இதய முத்திரை: பிளேடில் ஸ்டான்லி பெயருக்குக் கீழே இதய வடிவமும், அதற்குள் ‘எஸ்.டபிள்யூ.’ என்ற எழுத்துகளும் இருந்தால் 1920-கள், 30-களின் முற்பகுதி. கம்பெனித் தலைவராக இருந்த வில்லியம் ஹார்ட்டின் பெயரைக் கௌரவிக்க வைத்த முத்திரை அது.

மூடியில் உள்ள ஓட்டை: நெம்புகோல் மூடியின் ஓட்டை சாவித்துவாரம் போல இருந்தால் 1930-களின் தொடக்கம் வரை. சிறுநீரக வடிவில் வளைந்திருந்தால் அதற்குப் பிந்தையது.

போர்க்கால இழைப்புளி: பித்தளைத் திருகு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு ரப்பர் போன்ற திருகு அல்லது இரும்புத் திருகு, கைப்பிடியில் ரோஸ்வுட்டுக்குப் பதில் சாயம் பூசிய வேறு மரம் என்றால் இரண்டாம் உலகப்போர்க் காலமாக இருக்கலாம். பித்தளை யுத்தத்துக்குப் போய்விட்டது. ஆனால் இந்த இழைப்புளிகளின் வார்ப்பு கனமானது. வேலைக்கு நல்லவை.

இந்த அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு விதியை மறக்கக் கூடாது. பாகங்களில் எது மிகப் புதியதோ, அதுதான் வயதை முடிவு செய்கிறது. மூன்று தேதிகள் உள்ள உடலில் சிறுநீரக ஓட்டை மூடி இருந்தால், இரண்டில் ஒன்று பின்னால் மாட்டப்பட்டது. நூறு வருடத்தில் எத்தனையோ தச்சர்கள் உடைந்த பாகத்தை வேறொன்றிலிருந்து எடுத்துப் போட்டிருப்பார்கள். தொழிற்சாலையிலேயே பழைய கையிருப்பு தீரும்வரை புதுப் பாகங்களோடு கலந்து பூட்டியதும் உண்டு.

இப்படிக் கலந்த இழைப்புளி மோசமானதா? இழைக்க வாங்குகிறவருக்கு இல்லை. பாகங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தினால் போதும். சேகரிக்க வாங்குகிறவருக்கு அது பெரிய குறை. விற்கிறவர் கலப்பை மறைத்து, முழுப் பொருளின் விலை கேட்டால் மட்டுமே அது ஏமாற்று.

‘மேட் இன் இங்கிலாந்து’

இந்தியாவில் பழைய இரும்பு இழைப்புளி கிடைத்தால், அதில் அமெரிக்காவைவிட இங்கிலாந்தின் பெயர் இருக்கவே வாய்ப்பு அதிகம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் எஃகுக்கும் கருவிகளுக்கும் பேர்போனது. ஸ்டான்லியே 1930-களின் பிற்பகுதியில் அங்கே தொழிற்சாலையைப் பிடித்து இழைப்புளி செய்யத் தொடங்கியது. அதே ஊரின் ‘ரெக்கார்டு’ கம்பெனி, 1930-களின் தொடக்கத்தில் ஸ்டான்லியின் அமைப்பிலேயே தன் வரிசையைக் கொண்டுவந்தது. எண்ணுக்கு முன் ஒரு பூஜ்யம் சேர்த்துக்கொண்டது. ஸ்டான்லியில் 4 என்றால் ரெக்கார்டில் 04. நீல வண்ண உடல் என்றால் ரெக்கார்டாக இருக்கலாம்.

மேலே சொன்ன அமெரிக்க வயதுக் கணக்கை ஷெஃபீல்டு ஸ்டான்லிக்குப் பொருத்தக் கூடாது. ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று இருந்தால் அந்தப் பட்டியலை மூடி வைத்துவிட்டு, வேலைக்கு ஆகுமா என்று மட்டும் பார்ப்பது உத்தமம்.

ஒரே ஒரு வகைக்கு மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். எஃகு அல்லது வெண்கலப் பெட்டி போன்ற உடல், உள்ளே முழுக்க ரோஸ்வுட் அடைத்து, தூக்கினால் கை இறங்கும் கனம். லண்டனின் ‘நாரிஸ்’, ஸ்காட்லாந்தின் ஏர் ஊரைச் சேர்ந்த ‘ஸ்பியர்ஸ்’ போன்ற பெயர்கள் மூடியிலோ பிளேடிலோ இருக்கும். முரண்டு பிடிக்கும் மரத்தையும் இழைக்க, நாற்காலி மேஜை செய்யும் தேர்ந்த கைவினைஞர்கள் வாங்கிய விலையுயர்ந்த கருவிகள் இவை. பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிட்டால் பெரிய நஷ்டம்.

மரத்தில் பதிந்த பெயர்

இரும்புக்கு முந்தைய மர இழைப்புளிகளில் தயாரித்தவரின் பெயர் முன்முகத்தில், பிளேடுக்கு எதிர்த்திசையில் உள்ள வெட்டுமுகத்தில் முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கும். அதே இடத்தில் பிற்கால உரிமையாளர்களும் தங்கள் பெயரைக் குத்திக்கொள்வார்கள். ஒரு பெயர் பல முறை, கோணல் மாணலாக இருந்தால் அது உரிமையாளர் பெயராக இருக்கவே வாய்ப்பு அதிகம். பிளேடில் இருப்பது பிளேடு செய்த கம்பெனி. அமெரிக்க இழைப்புளியில் ஷெஃபீல்டு பிளேடு இருப்பது சகஜம்.

அந்தச் சின்ன முத்திரைக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு ஒரு பெயர் போதும்: சீசர் செலோர். 18-ம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், ரெந்தம் என்ற ஊரில் வாழ்ந்தவர். பிரான்சிஸ் நிக்கல்சன் என்ற இழைப்புளி தயாரிப்பாளரின் அடிமை. வேலையை அவரிடமே கற்றார். 1753-ல் நிக்கல்சன் இறந்தபோது, அவரது உயில் செலோரை விடுதலை செய்தது. கூடவே கொஞ்சம் நிலமும், பட்டறைக் கருவிகளும், தொழிலுக்கான மரமும் கொடுத்தது. அதுவரை இன்னொருவரின் சொத்தாக இருந்தவர், அதன் பிறகு தன் பெயரையும் ஊரையும் தன் கருவிகளில் குத்தி விற்றார். 1784-ல் இறக்கும்வரை அந்தத் தொழிலில் இருந்தார். பெயர் தெரிந்த முதல் கறுப்பின அமெரிக்கக் கருவி தயாரிப்பாளராக அவரை இன்று மதிக்கிறார்கள். அவர் முத்திரை உள்ள இழைப்புளிகளை அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் போற்றி வைத்திருக்கிறார்கள்.

அழுக்கு என்று நினைத்து யாராவது அந்த முன்முகத்தை உப்புத்தாளால் தேய்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மர இழைப்புளி கையில் கிடைத்தால் முதலில் செய்ய வேண்டியது, வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து முன்முகத்தைப் படிப்பதுதான்.

வாங்கும் முன் ஏழு இடங்கள்

வேலைக்காக வாங்குகிறவர் கவனிக்க வேண்டியவை இவை.

1. வாய்: அடிப்பாகத்தில் பிளேடு வெளியே வரும் பிளவு. அதைச் சுற்றி விரிசலோ, விளிம்பில் உடைசலோ இருந்தால் வைத்துவிட்டு நடையைக் கட்டலாம். யாராவது அரம் வைத்து வாயை அகலமாக்கியிருந்தாலும் மெல்லிய இழைப்பு வராது.

2. பக்கச் சுவர்கள்: வார்ப்பிரும்பு வளையாது, கீழே விழுந்தால் வெடிக்கும். வாய்க்கு நேர் மேலே, பக்கச் சுவரில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் இடம் மட்டும் நிறம் மாறியோ, பித்தளை மஞ்சளாகவோ தெரிந்தால் பற்றவைத்துச் சரிசெய்தது.

3. தவளை: பக்கவாட்டு நெம்புகோல் உடைந்திருக்கிறதா, பித்தளைத் திருகு சுற்றினால் பிளேடை நகர்த்தும் கவை முழுதாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

4. திருகாணிகள்: ஒன்றுகூடக் குறையக் கூடாது. ஸ்டான்லியின் பல திருகாணிகளின் மரை அளவு வழக்கமான ஹார்டுவேர் கடையில் கிடைக்காது. ஒரே ஒரு திருகாணிக்காக இன்னொரு இழைப்புளி வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

5. பிளேடு: நீளம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? தட்டையான பின்பக்கத்தில், கூர்முனைக்கு அருகே துரு குழிகுழியாக அரித்திருக்கிறதா? அந்தப் பக்கம் வழுவழுப்பாக இல்லாவிட்டால் எவ்வளவு தீட்டினாலும் முனை பல்லுப்பல்லாகத்தான் வரும். ஆனால் புது பிளேடு தனியாகக் கிடைக்கிறது என்பதால் இது விலையைக் குறைக்கப் பேசுவதற்கான காரணமே தவிர, ஒதுக்குவதற்கான காரணம் இல்லை.

6. அடிப்பாகம்: ஓர் இரும்பு அளவுகோலை நிமிர்த்தி வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பாருங்கள். முன்நுனி, வாய், பின்நுனி மூன்றும் தொட்டால் போதும். இடையில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தால் பரவாயில்லை.

7. கைப்பிடி: மேல் கொம்பு உடைவது வழக்கம். ஒட்டலாம், புதிதாகவும் செய்துகொள்ளலாம். வேலைக்கு வாங்குகிறவர் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

மேலோட்டமான துருவைக் கண்டு பயப்பட வேண்டாம். பழுப்பு நிறத்தில் பொடிப்பொடியாக வருவது ஓர் ஓய்வு நாளில் போய்விடும். இரும்பையே தின்று பள்ளம் போட்ட துருதான் ஆபத்து. அதைவிட ஆபத்து, புதுப் பெயின்ட் அடித்து மினுமினுக்கும் இழைப்புளி. பெயின்ட் விரிசலையும் மறைக்கும், பற்றவைத்ததையும் மறைக்கும்.

மர இழைப்புளி என்றால், பிளேடு உட்காரும் இடத்தின் இரு கன்னங்களிலும் பிளவு இருக்கிறதா, ஆப்பு சரியாகப் பொருந்துகிறதா, உடல் முறுக்கிக்கொண்டிருக்கிறதா, செல்லரித்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஆன்லைனில் வாங்கும்போது

மூன்று படங்கள் போட்டு, மூன்றிலும் ஒரே பக்கத்தைக் காட்டும் விளம்பரங்கள்தான் அதிகம். பணம் கொடுக்கும் முன் நான்கு படங்களைக் கேட்டு வாங்குவது நல்லது: அடிப்பாகம் முழுவதும், வாய் மட்டும் நெருக்கத்தில், பிளேடைக் கழற்றிய பிறகு உள்பக்கம், பிளேடின் இரு பக்கங்கள். கழற்றத் தெரியாது என்று விற்கிறவர் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்தச் சந்தேகத்துக்கான தள்ளுபடியை விலையில் கேட்பதில் தப்பில்லை.

அனுப்பும் முறையையும் பேசிவிட வேண்டும். முழுதாகப் பூட்டியபடி பெட்டியில் போட்டால், வழியில் ஒரு முறை விழுந்தாலே கைப்பிடி ஒடியும், சில சமயம் உடலே வெடிக்கும். பாகங்களைக் கழற்றித் தனித்தனியாகச் சுற்றி அனுப்பச் சொல்லுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போருக்கு முந்தைய ஸ்டான்லி கைப்பிடிகளில் பல பிரேசில் ரோஸ்வுட்டில் செய்தவை. அந்த மரம் 1992 முதல் ‘சைட்ஸ்’ எனப்படும் சர்வதேச உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. பழைய பொருளாக இருந்தாலும் எல்லை தாண்ட ஆவணங்கள் தேவைப்படலாம். சுங்கத்தில் நின்றுவிட்டால் மீட்பது கஷ்டம்.

விலை எங்கே ஏறுகிறது?

நம்பர் 4, நம்பர் 5 இரண்டும் லட்சக்கணக்கில் தயாரானவை. அமெரிக்காவில் சாதாரண நிலையில் உள்ளவை சில பத்து டாலர்களுக்கே கிடைக்கின்றன. ‘நூறு வருடப் பழசு’ என்பது மட்டும் விலையை ஏற்றாது. எத்தனை செய்தார்கள், எத்தனை மிஞ்சின என்பதுதான் ஏற்றும்.

நம்பர் 1 அதற்கு நல்ல உதாரணம். கைக்குள் அடங்கும் அந்தக் குட்டி இழைப்புளியால் பெரிய வேலை எதுவும் ஆகாது. குறைவாக விற்றது, குறைவாக மிஞ்சியது. அதனாலேயே இன்று ஆயிரம் டாலர் அளவுக்கு விலை போகிறது. விலை ஏறிய இடத்தில் போலியும் வந்துவிட்டது. நம்பர் 1-ன் நகல்கள் சந்தையில் உலவுகின்றன. முழு விலை கொடுத்து அதை வாங்குகிறவர் விஷயம் தெரிந்த ஒருவரிடம் நேரில் காட்டாமல் வாங்கக் கூடாது.

மேஜை நாற்காலி செய்ய ஆசைப்பட்டு முதல்முறையாக வாங்குகிறவருக்கு நம்பர் 5 ஒன்று போதும். வேலை பழகிய பிறகு நம்பர் 4 சேர்த்துக்கொள்ளலாம். நீளப் பலகைகளை ஒட்டும் நிலைக்கு வந்தால் நம்பர் 7.

துடைக்கலாம், தேய்த்து அழிக்கக் கூடாது

வாங்கியதும் மின்சார கம்பி பிரஷ்ஷை எடுத்துவிடுகிறார்கள் பலர். அரை மணி நேரத்தில் துருவும் போகும், பிளேடு முத்திரையும் போகும், உடலின் அசல் கறுப்புப் பூச்சும் போகும். அந்தக் கறுப்புப் பூச்சு தார் வகைப் பொருளைப் பூசிச் சூளையில் சுட்டது. எழுபது சதவிகிதம் மிஞ்சியிருந்தாலே சேகரிப்பாளர் சந்தோஷப்படுவார்.

எண்ணெய் தொட்ட மெல்லிய இரும்பு நாரால் பொறுமையாகத் துடைத்தால் போதும். எழுத்துகள் இருக்கும் இடத்தில் துணி மட்டும். அடிப்பாகத்தை மட்டமான கண்ணாடி மேல் உப்புத்தாள் ஒட்டித் தேய்க்கலாம், தேவைப்படும் அளவுக்கு மட்டும். அபூர்வமானது என்ற சந்தேகம் இருந்தால், எதுவும் செய்யாமல் எண்ணெய் தடவி வைப்பதே புத்திசாலித்தனம். அழுக்கை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுத்த முத்திரையைத் திரும்ப வைக்க முடியாது.

பிறகு பிளேடை சாணைக்கல்லில் தீட்டி, மேல்தகட்டை முனைக்கு மிக அருகில் பொருத்தி, திருகை மெல்ல மெல்ல இறக்கி, ஒரு தேக்குத் துண்டின் மேல் தள்ளிப் பாருங்கள். முதலில் தூள் வரும். இன்னும் கொஞ்சம் சரிசெய்தால் துண்டு துண்டாக வரும். ஒரு கட்டத்தில் ‘ஸ்ஸ்ஸ்’ என்ற சத்தத்தோடு பலகையின் முழு நீளத்துக்கும் ஒரே சுருள் எழுந்து வரும். அதை வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரியும். வேலைக்கு வாங்கிய இழைப்புளிக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

அப்பாவோ தாத்தாவோ வைத்துவிட்டுப் போன இழைப்புளி வீட்டில் இருந்தால், இந்த வாரக் கடைசியில் அதை எடுத்து எண்ணையும் முத்திரையையும் ஒரு முறை படித்துவிடுங்கள். பெரும்பாலும் அது சாதாரண மாடலாகத்தான் இருக்கும். சாதாரண மாடல்தான் நன்றாக இழைக்கும்!